முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய பெயரடைகள்

எங்கள் மில்லின் பணி விதிகளில் பதினேழாவது இப்படிச் சொல்கிறது: "வெளிநாட்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படும் குழுவில், அந்நாட்டு மொழி அறிந்த பணியாளர் ஒருவர் இருப்பின், அவர் மொழிபெயர்ப்பாளராகச் சேர்க்கப்பட வேண்டும். குழுவினர் அனைவரும் அம்மொழியில் வேலைக்குப் போதிய அளவு பேசுவாராயின் இவ்விதி பொருந்தாது."

விதியின் முதல் வாக்கியத்தை எழுதியவருக்கு நல்ல மனசு. இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் வேறொருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு இளம் இன்ஜினியர்கள் வந்து கேட்டார்கள். மில்லில் இப்போது மறுபடியும் ஜப்பான் இயந்திரங்கள் இறங்குகின்றனவாம். இவர்கள் கேசட் போட்டு அந்த மொழியைக் கற்கிறார்களாம். பெயரடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களாம். "சார், அந்தக் காலத்துல கேசட் இல்லாம எப்படிப் படிச்சீங்க?" என்றார் ஒருவர். அதற்குப் பதில் சுருக்கமானது. கேசட்டுக்குப் பதிலாக ஒரு அடிஸ்கேல் இருந்தது.

யுத்த காலத்தில் நான் பினாங்கில் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. ஜப்பானியர் வந்தார்கள், நாற்காலிகளில் ஆள் மாறியது, எங்களுக்கு மாலை வகுப்பு என்று உத்தரவு வந்தது. வாத்தியார் கையில் ஸ்கேல் இருந்தது. சீக்கிரமே கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிந்ததும் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, திண்டுக்கல் வந்து, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

கொண்டுவந்த மொழி என்னிடமே கிடந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வாடகை அறை. திருமணம் கூடிவரவில்லை. காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஜப்பானிய மொழியில் இரண்டு வாக்கியம் பேசுவேன். எதிரே இருந்தவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. ஒரு மொழியை ஒருவனே பேசிக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்ல பிரார்த்தனை மாதிரி ஆகிவிடும். பதில் வராது என்று தெரிந்தே சொல்வோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் மில்லுக்கு ரிங் பிரேம் எனப்படும் புதிய ஜப்பான் நூற்பு இயந்திரங்கள் வந்தன. அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஒகாதா என்ற நிபுணரும் வந்தார். ஒல்லியான மனிதர், எனக்குச் சற்று மூத்தவர், அடிக்கடி மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். வந்த அன்று அவரிடம் ஒரு வாக்கியம் பேசினேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஜோஸு தெஸ் நே" என்றார். நன்றாகப் பேசுகிறீர்களே என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு மாலையும் விருந்தினர் விடுதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு மாலையும் அதே பாராட்டு. பதினைந்து வருடத்துக்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் பதில் சொன்னார். என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் பேசிய மாதங்கள் அவை.

அந்த நேரத்தில்தான் நால்வரை ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. இரண்டு சூப்பர்வைசர்கள், ஃபிட்டர் இஸ்மாயில், மேஸ்திரி பெரியகருப்பன். பதினேழாம் விதி என் நினைவுக்கு வர ஒரு விநாடிகூட ஆகவில்லை. அன்றே மனு எழுதினேன். வாழ்க்கையில் எனக்காக நான் எழுதிய ஒரே மனு அதுதான்.

மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்த இடம் செக்ரட்டரியின் அறை. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் எந்தக் காகிதத்தையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு கடைசி வரி, அதற்குப் பிறகு பொருள். 'முடியாது' என்று அவர் யாருக்கும் எழுதியதில்லை. பிடிக்காத காகிதத்தின் ஓரத்தில் பச்சைப் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதி இரண்டு கோடு போடுவார். பேசுவதற்கு நேரம் கேட்டுப் போனால், "பேசலாம், பேசலாம், என்ன அவசரம்" என்பார். பேசாமல் எத்தனை வருடம் இருக்க முடியும் என்பதை அந்த மில்லில் அவர் ஒருவர்தான் முழுமையாக அறிந்திருந்தார்.

என் மனுவில் அவர் 'பேசவும்' என்று எழுதவில்லை. அதுவே எனக்குப் பெரிய கௌரவமாகப் பட்டது. "தலைமை அலுவலகத்துக்கு அனுப்புறேன் சுந்தரம். அதுக்குள்ள ஒன்னு செய். இந்த நாலு பேருக்கும் நீயே கொஞ்சம் ஜப்பான் பாஷை சொல்லிக்கொடு. கடைசியில அந்த ஜப்பான்காரரே பரீட்சை வைக்கட்டும். நாலு பேரும் பேசிட்டா ஆளு தேவையில்லை. பேசலைன்னா நீ கிளம்பு."

விதியின் இரண்டாம் வாக்கியம் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஜப்பான் போக மாட்டேன். மோசமாகச் சொல்லிக்கொடுத்தால் போவேன். ஒரு ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான பணி விதி எங்கும் இருக்க முடியாது.

காலை ஷிப்டு முடிந்ததும் டைம் ஆபீஸில் அரை மணி நேரம் வகுப்பு. பலகைக்குப் பஞ்சுப் பெட்டியின் மூடி. நான் முதலில் எடுத்துக்கொண்டது பெயரடை. வினைச்சொல்லோடு தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் இயந்திரத்தருகில் நின்று பாருங்கள்: சூடு, கனம், லூசு, டைட்டு, ஆபத்து, நல்லது, கெட்டது. அங்கே பேச்சு முழுவதும் பெயரடைதான்.

கேசட்காரர்களுக்காக அந்தப் பாடத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழியில் பெயரடை இரண்டு வகை. முதல் வகை 'இ' ஒலியில் முடியும். 'அத்சுயி' என்றால் சூடான. 'யுருயி' என்றால் தளர்ந்த. 'ஒமோயி' என்றால் கனமான. நம்மைப் போலவே பெயருக்கு முன்னால் அப்படியே வைக்கலாம். விசேஷம் என்னவென்றால், இந்தச் சொற்கள் மறுப்பையும் காலத்தையும் தம் வாலிலேயே காட்டும். கடைசி 'இ'யை வெட்டிவிட்டு 'குனாயி' போட்டால் மறுப்பு: அத்சுகுனாயி, சூடாக இல்லை. 'கத்தா' போட்டால் இறந்தகாலம்: அத்சுகத்தா, சூடாக இருந்தது. இரண்டும் வேண்டுமானால் அத்சுகுனகத்தா, சூடாக இருக்கவில்லை. பள்ளியில் குறிப்பு வினைமுற்று படித்தவர்கள் பயப்படத் தேவையில்லை. நம் இலக்கணத்தில் அது காலத்தைக் குறிப்பாகக் காட்டும். அவர்கள் ஊரில் வெளிப்படையாகவே காட்டும்.

இரண்டாம் வகைக்கு அந்த வால் கிடையாது. 'ஷிஸுகா' என்றால் அமைதி. அமைதியான இயந்திரம் என்று சொல்ல நடுவில் ஒரு 'நா' போட வேண்டும்: ஷிஸுகா நா கிகாயி. நம் 'ஆன' செய்யும் வேலையை அந்த 'நா' செய்கிறது. மறுப்பு வேண்டுமானால் 'ஜா நாயி' என்று தனியாக ஒட்ட வேண்டும். சுத்தம் என்று பொருள் தரும் 'கிரேய்' என்ற சொல் 'இ'யில் முடிவது போலக் காட்டி ஏமாற்றும். அது இரண்டாம் வகை. 'நல்லது' என்பதற்கு 'ஈ' என்று ஒரே எழுத்து. ஆனால் மறுக்கும்போது 'யோகுனாயி' என்று ஆள் மாறிவிடும். நல்லது எந்த ஊரிலும் விதிக்கு முழுதாக அடங்குவதில்லை.

இதை நான் பலகையில் எழுதி முடித்தபோது இஸ்மாயில் சொன்னார்: "புரிஞ்சுபோச்சு சார். முதல் வகை நம்ம புது பிரேம் மாதிரி. அததுக்குச் சொந்த மோட்டார். ரெண்டாவது பழைய ஷெட்டு. மேல ஓடுற ஷாப்ட்டுல பெல்ட்டை மாட்டினாத்தான் ஓடும். அந்த 'நா'தான் பெல்ட்டு."

பினாங்கு வாத்தியார் ஸ்கேலால் ஒரு மாதம் அடித்துப் புகட்டியது அது. அன்று முதல் எங்கள் வகுப்பில் 'மோட்டார்ச் சொல்', 'பெல்ட்டுச் சொல்' என்றே பேசினோம்.

எல்லாவற்றுக்கும் பின்னால் 'தெஸ்' போட்டால் மரியாதை. பினாங்கில் அதிகாரிகளிடம் பேச அதைவிட நீளமான ஒரு வால் எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். மரியாதை எவ்வளவு கூடினாலும் நஷ்டமில்லை என்று அதையும் சொல்லிக்கொடுத்தேன். இயந்திரத்தருகே சின்ன வால், மனிதர்களிடம் நீள வால்.

மூன்று பேர் சீக்கிரம் தேறினார்கள். நின்றுபோனவர் மேஸ்திரி பெரியகருப்பன். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயக் குடும்பம். காதை வைத்தே நூல் சுற்றும் ஸ்பிண்டிலின் கோளாறைச் சொல்பவர். வகுப்பில் கேட்டால் எல்லா வாலையும் பிசகில்லாமல் சொல்வார். பிரேமுக்கு முன்னால் ஒகாதா நின்று "தோ தெஸ் கா?", எப்படி இருக்கிறது, என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்: "ஈ தெஸ்." நன்றாக இருக்கிறது. போல்ட்டு ஆடினாலும் நன்றாக இருக்கிறது.

"ஏன் மேஸ்திரி, யுருயின்னு சொல்லத் தெரியாதா?" என்றேன்.

"தெரியுமே சார். யுருயி, யுருகுனாயி, யுருகத்தா. அம்புட்டும் சொல்லுவேன். ஆனா அந்த மனுசன் கப்பலேறி வந்து தன் கையால மாட்டின போல்ட்டு. அது லூசா இருக்குன்னு அவரு மூஞ்சிக்கு நேரா எப்புடிச் சொல்றது? பொண்ணு பாக்கப் போன வீட்டுல காப்பி நல்லா இல்லைன்னு சொல்லுவீகளா?"

"அண்ணே போன வீட்டுல காப்பியே குடுக்கலையாம் சார்," என்றார் இஸ்மாயில்.

"ஏலே பாய், உனக்கு மட்டும் பிரியாணி போட்டாகளாக்கும்."

"சரி, லூசா இருந்தா என்னதான் செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அவரு சாப்பிடப் போவாருல்ல, செத்த நேரத்துல நான் டைட்டு வச்சிருவேன். அவருக்கும் சங்கடமில்லை, மிசினுக்கும் நட்டமில்லை."

எனக்கு ஒரு விஷயம் அப்போதுதான் விளங்கியது. சில நாட்களாக ஒகாதா மாலையில் என்னிடம் குழப்பத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்: தான் அளவுகோல் வைத்து முறுக்கிய போல்ட்டுகள் மதியத்துக்கு மேல் வேறு இறுக்கத்தில் இருக்கின்றன, இந்த நாட்டின் வெயில் இரும்பை என்னவோ செய்கிறது. இரும்பை வைத்து அவர் ஒரு அறிக்கையே எழுதத் தயாராக இருந்தார்.

மேஸ்திரி இப்படியே இருந்தால் பரீட்சையில் தோற்பார். 'அனைவரும்' என்ற சொல் விதியில் இருக்கிறது. ஒருவர் பேசாவிட்டால் போதும், நான் போகலாம். இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நாள் யோசித்தேன். ஆனால் அந்த மனிதர் ஒரு அயல்நாட்டு ஷெட்டில், எல்லாம் தெரிந்தும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அங்கே யாரும் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துப் போல்ட்டை முறுக்க முடியாது. தவிரவும், பாடம் பாதியில் நிற்பது எனக்குப் பிடிக்காது. பாதியில் நிற்பவற்றை செக்ரட்டரியின் மேசையில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

ஒரு மதியம் மேஸ்திரியை விருந்தினர் விடுதிக்கு அழைத்துப் போனேன். ஒகாதா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமையல்காரர் பெருமையோடு பக்கத்தில் நின்றார். "ஒய்ஷீ தெஸ்," என்று ஒகாதா அவரைப் பார்த்துச் சிரித்தார். ருசியாக இருக்கிறது. வந்த நாளிலிருந்து தினமும் அதைத்தான் சொன்னார். தினமும் இளைத்துக்கொண்டும் வந்தார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி மெல்லச் சொன்னார்: "சார், சோத்தை மட்டும் தின்னுருக்காரு. குழம்பு, வெஞ்சனம் எல்லாம் அப்படியே கிடக்கு. பாவம், பொய் சொல்றாரு."

"ஏன் சொல்றார்?"

"மூஞ்சிக்கு நேரா எப்புடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அவர் சொல்லாததால என்ன ஆச்சு?"

"சமையக்காரரு நாளைக்கும் அதே குழம்பைத்தான் ஊத்துவாரு."

அவரே திரும்பி உள்ளே போனார். ஒகாதாவின் எதிரே நின்று, குழம்புக் கிண்ணத்தைக் காட்டி, "ஒய்ஷிகுனாயி தெஸ் கா?" என்றார். ருசியாக இல்லையா?

ஒகாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார். பிறகு குனிந்த தலையோடு, "ஸுகோஷி காராயி தெஸ்," என்றார். கொஞ்சம் காரம்.

"காராயியா? சார், அது நம்ம சொல்லாச்சே," என்றார் மேஸ்திரி. அன்று மாலையிலிருந்து ஒகாதாவுக்கு மிளகாய் போடாத பருப்பும் அவித்த முட்டையும். இரண்டு வாரத்தில் கன்னத்தில் சதை பிடித்தது.

பரீட்சை நாள். புது ஷெட். செக்ரட்டரி நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒகாதா ஒவ்வொருவரையும் பிரேமின் ஒவ்வொரு பாகத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டார். சூப்பர்வைசர்கள் இருவரும் தேறினார்கள். இஸ்மாயில் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசியில் மேஸ்திரி. கியர் பக்கத்து பேரிங். ஒகாதா தன் கையாலேயே பொருத்தியது. "தோ தெஸ் கா?"

மேஸ்திரி புறங்கையை பேரிங்கின் மேல் வைத்தார். உடனே எடுத்தார்.

ஒகாதா மறுபடி கேட்டார். மேஸ்திரி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"என்னப்பா, வாயே திறக்க மாட்டேங்கிற," என்றார் செக்ரட்டரி. என் பக்கம் திரும்பி, "சரி சுந்தரம், நீ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் போல," என்றார்.

மேஸ்திரியின் முகத்தை அப்போது பார்த்தேன். அது பதில் தெரியாத முகம் அல்ல, தீர்மானித்துவிட்ட முகம். பக்கத்தில் போனேன். தறிச் சத்தத்துக்குக் கொஞ்சமும் குறையாத பிரேம் சத்தத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"நான் பேசிட்டா நீங்க வர முடியாதாமே சார். இஸ்மாயிலு சொன்னான்."

"பேரிங் சுடுதா, இல்லையா?"

"சுடுது சார்."

"அப்ப அவர்கிட்டச் சொல்லுங்க."

"நீங்க ஒத்தையில கிடந்து..."

"மேஸ்திரி, பேரிங் எனக்காகக் காத்திருக்காது. சொல்லுங்க."

அவர் ஒகாதாவின் முகத்துக்கு நேரே திரும்பி, "அத்சுயி தெஸ். யோகுனாயி தெஸ்," என்றார். சூடாக இருக்கிறது. நன்றாக இல்லை.

ஒகாதா கையை வைத்துப் பார்த்தார். பிரேமை நிறுத்தினார். இடுப்பு வரை குனிந்து மேஸ்திரியை வணங்கினார். செக்ரட்டரி தன் பையிலிருந்த பச்சைப் பென்சிலை எடுத்து நான்கு பெயருக்கும் எதிரே தேறியதாகக் கோடு போட்டார். எனக்கு நன்றாகவே தெரிந்த கோடு.

ஆனாலும் மனு தலைமை அலுவலகத்தில் இருந்தது. பதில் வராத மனு செத்ததாகக் கணக்கில்லை, அதுதான் நடைமுறை. முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். ஒகாதா வேலை முடிந்து கிளம்பினார். நால்வரும் சென்னைக்கு ரயிலேறினார்கள். திண்டுக்கல் ஜங்ஷனில் வழியனுப்ப வந்த கூட்டத்தில் மாலை போட வேண்டியவர்கள் நிறைய இருந்ததால், நான் தண்ணீர்க் குழாய் அருகில் நின்றேன். ரயில் போன பிறகு டவுன் பஸ் பிடித்து அறைக்கு வந்தேன். விடுதி வாசலில் இரண்டு நாற்காலிகள் சில நாள் அப்படியே கிடந்தன. பிறகு யாரோ உள்ளே எடுத்துப் போட்டார்கள். காலைச் சவரத்தில் மறுபடியும் கண்ணாடிக்குள் இருப்பவர் மட்டும். நிகழ்காலத்தில் சொல்ல ஒன்றுமில்லாததால் பெயரடைகளை இறந்தகாலத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் 'கத்தா'.

நால்வரும் பயிற்சி முடிந்து திரும்பினார்கள். மறுநாளே மேஸ்திரி என் மேசைக்கு வந்தார். ஆள் நிறம் வெளுத்து, நேராக நின்றார். எனக்கு ஒரு விசிறியும் ஒரு டப்பா தேயிலையும் வாங்கி வந்திருந்தார். அவரை வரவேற்று ஜப்பானிய மொழியில், நீள வாலோடு, இரண்டு வாக்கியம் பேசினேன். எத்தனையோ மாதமாகத் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், ஒன்னு சொல்லணும். நீங்க பேசுற பேச்சு அங்க யாரும் பேசலை. அந்த நீள வாலைப் போட்டு நாங்க பெருக்குற அம்மாகிட்டக் கூடப் பேசினோம். அங்க நூல் ஓட்டுற பொம்பளப் பிள்ளைக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுதுக. என்னன்னு விசாரிச்சா, யுத்த காலத்துல சிப்பாய்கிட்ட அடிபட்டுப் படிச்சவுக பேசுறதாம் அது. சேவகன் பேச்சாம்."

"ஒகாதா என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொல்லலையே," என்றேன்.

"அவருக்கு மொத நாளே தெரியுமாம் சார். சொல்ல மனசு வரலையாம். அங்க பாத்தப்ப என்கிட்டச் சொல்லி வருத்தப்பட்டாரு." தேயிலை டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எனக்கும் மனசு வரலைதான். ரயில்ல வாரப்ப எல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்கதானே சார், மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தீக."

சரியாகத்தான் கற்றிருந்தார். தேயிலைக்கு நன்றி சொன்னேன், தமிழில்.

தலைமை அலுவலகத்தின் பதில் அதற்குப் பிறகு வந்தது. என் மனுவும் இரண்டு நினைவூட்டல்களும் பரிசீலனையில் உள்ளன. மனுதாரர் மேற்படி மொழியில் தற்போது தேர்ச்சி உள்ளவர்தானா என்பதை உரிய சான்றுடன் தெரிவிக்கவும். செக்ரட்டரி அதன் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். அது என் மேசைக்கு வந்தது, நால்வரும் திரும்பி வந்த வருடத்தின் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை.